1910இல் இறந்த முள்ளியவளைப் பூட்டனாரும் வாரிசுப் பட்டியலில் இல்லாத மூத்த மகளும்: பதிவேடுகளில் தேட உதவி வேண்டும்

முள்ளியவளையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனது தாயாரின் பாட்டனார், எனக்குப் பூட்டனார், வடமராட்சியில் பிறந்து, வயற்செய்கைக்காக முள்ளியவளைக்கு வந்து குடியேறி, அங்கேயே காய்ச்சலில் இறந்தவர். அவருடைய குடும்பத்தைப் பதிவேடுகளின் துணையோடு நிறுவ மூன்று ஆண்டுகளாக முயன்று வருகிறேன். எண்பத்து நான்கு வயதான என் தாயாருக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. தன் தகப்பனாருக்கு ஓர் அக்கா இருந்தார் என்று அவர் சிறுவயதில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் யார், அவருடைய சந்ததி எங்கே இருக்கிறது என்பதை அறிய விரும்புகிறார்.

என் கையில் இருப்பவை மிகச் சில. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோது, பெரிய தாயார் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு வந்த கடதாசிகள் அவை. ஒன்று, பூட்டனாரின் அந்தியேட்டிக்கு இயற்றப்பட்ட, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவை யாரோ கொப்பியில் பெயர்த்தெழுதிய பக்கம். அதில் சௌமிய வருடம், மாசி மாதம், அபரபக்க ஏகாதசி என்று இருக்கிறது. மற்றையது, அவருடைய மனைவி யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் நிருவாகக் கடிதம் (இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் அதிகாரம்) கேட்டுத் தாக்கல் செய்த மனுவினதும் சொத்து விபரத்தினதும் உறுதிப்படுத்திய பிரதி. ஆங்கிலத்தில், கையெழுத்தில், மடிப்புகள் எல்லாம் நீரூறி மை கலைந்த நிலையில் உள்ளது. அந்த மனுவில் வாரிசுகளாக இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு பெண்பிள்ளையும் சொல்லப்பட்டுள்ளனர். மூவரும் பராயமடையாதவர்கள். மூத்த மகள் என்று எவரும் இல்லை.

சௌமிய வருடம் 1909 என்பதால் அந்த ஆண்டைக் குறித்து இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு மாதங்களின் பின் பதிவு இல்லை என்று பதில் வந்தது. மூத்த பெண்ணின் பிறப்புப் பதிவையும் தேடினோம். அதுவும் இல்லை. என் மாமா ஒருவர், அவர் வளர்ப்புப் பிள்ளையாக இருந்திருப்பார், அதனால்தான் பிறப்புப் பதிவிலும் இல்லை, வாரிசிலும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். இதை எப்படி நிறுவுவது அல்லது மறுப்பது?

பழைய நொத்தாரிசு எழுதியது:

தங்கச்சி, முதலில் ஆண்டைச் சரிசெய்யுங்கள். சௌமிய வருடம் 1909 சித்திரையில் பிறந்து 1910 பங்குனியில் முடிகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் எப்போதும் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும். உங்கள் பூட்டனார் இறந்தது 1910. அந்த மாசியில் பௌர்ணமி பெப்ரவரி கடைசி வாரத்தில் வருவதால், அபரபக்க ஏகாதசி மார்ச் முதல் வாரத்துக்குள் அல்லது அதை ஒட்டி அமைய வேண்டும். 1910 மார்ச்சைக் குறித்து மறுபடி விண்ணப்பியுங்கள். சாதக ஓலையையோ, இறந்தவர் நினைவாக இயற்றும் கல்வெட்டுப் பாடலையோ வைத்துத் தேடுபவர்களில் பலர் இந்த ஓர் இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். ஆண்டின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மாதத்தைக் கவனிப்பதில்லை.

தேடுபவர் எந்தப் பெயரில் தேடினார் என்பதையும் கேளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னார் மகன் இன்னார் என்பதே வழக்கம். ஆங்கில அட்டவணைகளில் கந்தையா என்ற ஒரே பெயர் ஓர் எழுத்தர் கையில் ‘சி’ வரிசைக்கும் இன்னோர் எழுத்தர் கையில் ‘கே’ வரிசைக்கும் போய்விடும். தகப்பன் பெயரில் தொடங்கியும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறப்புப் பதிவு இல்லாததை வைத்து வளர்ப்புப் பிள்ளை என்று சொல்வது பொருந்தாது. இலங்கையில் பிறப்பு, இறப்புகளைக் குடிசார் முறையில் பதிவது 1867இல் தொடங்கினாலும், 1897இல்தான் அது கட்டாயமாயிற்று. மூத்த பெண் அதற்கு முன் பிறந்தவரானால், அதிலும் காட்டுப் பகுதியில் பிறந்தவரானால், பதிவு இல்லாததே இயல்பு. பதிவு இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

கிளிநொச்சி ஆசிரியை எழுதியது:

நானும் என் தகப்பனாரின் பகுதியை இப்படித் தேடியவள் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். இன்றைய மாவட்டப் பெயரை வைத்துப் பழைய பதிவைத் தேட வேண்டாம். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். ஆகவே பூநகரியில் இறந்த ஒருவரின் பதிவை இன்றைய கிளிநொச்சி அலுவலகத்தில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பழைய ஏடுகளில் கரிக்கட்டுமூலை, மேல்பற்று, கரைதுறைப்பற்று என்று பற்று எனப்பட்ட பழைய நிருவாகப் பிரிவுகளின் பெயர்களே வரும். ஊரின் பெயரோடு பற்றின் பெயரையும் அறிந்துகொண்டு போனால் தேடுபவருக்கு வேலை பாதியாகும்.

உள்ளூர் ஏடு போரில் அழிந்துவிட்டது என்று சொல்லப்பட்டாலும் மனந்தளர வேண்டாம். பதிவாளர் எழுதிய ஏட்டுக்கு இரட்டைப் பிரதி உண்டு. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவேட்டறை மாளிகாவத்தையில் இருக்கிறது. என் பாட்டியின் இறப்புப் பதிவு ஊரில் சாம்பலாகிப் பத்தாண்டுகளுக்குப் பின் எனக்குக் கொழும்பிலிருந்து கிடைத்தது.

இன்னொன்று, தேடலைக் கீழிருந்து மேலே கொண்டு போங்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய பிறப்புச் சான்றிதழ்களில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கூடு உண்டு. குடியுரிமைக்காகக் கேட்கப்பட்ட அந்தக் கூடு இன்று நமக்குப் பெரிய உதவி. உங்கள் தலைமுறையினரில் மூத்த ஒருவரின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாயின் கன்னிப் பெயரும் அங்கே கிடைக்கும்.

புதுக்குடியிருப்பு மருமகன் எழுதியது:

மாமாவின் வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தயக்கமாக உள்ளது. பிறப்புப் பதிவு இல்லாததற்கு விளக்கம் சரி. ஆனால் வாரிசுப் பட்டியலில் ஏன் இல்லை? நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசி கொடுப்பவர், அதுவும் பெற்ற தாய், தன் மூத்த மகளை விட்டுவிடுவாரா? அவர் இறந்த கணவரின் முதல் தாரத்துப் பிள்ளையாகவோ வளர்ப்புப் பிள்ளையாகவோ இருந்திருந்தால்தானே அப்படி நடக்கும்? வாரிசுரிமையைத் தேசவழமை என்ற நம் வழக்காற்றுச் சட்டப்படி பார்ப்பதென்றாலும், அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு உரியது. வன்னியில் இருந்த காணிக்கு அது எப்படிப் பொருந்தும்?

பழைய நொத்தாரிசு எழுதியது:

நல்ல கேள்வி. இந்த இழையின் முடிச்சும் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தேசவழமை என்பது ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக (நிருவாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1706, 1707 ஆண்டுகளில் தொகுக்கப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெறப்பட்டது. ஆங்கிலேயர் 1806இல் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழு வலு அளித்தனர். அது ஆளைப் பற்றி நிற்கும் சட்டம். வடமராட்சியில் பிறந்து முள்ளியவளையில் குடியேறியவர் வட மாகாணத் தமிழர் என்ற நிலையை இழக்கவில்லை. அவருடைய வயலும் அந்த வழமைக்குள்தான் வரும்.

வழமையில் சொத்து மூன்று வகை. தகப்பன்வழி வந்த முதுசம், பெண் கொண்டுவந்த சீதனம், இருவரும் மணவாழ்வில் தேடிய தேடியதேட்டம். இதில் நாம் மறந்துவிட்ட ஒரு விதி இருக்கிறது. சீதனம் கொடுத்து மணம் முடித்து அனுப்பப்பட்ட மகள், பெற்றாரின் மிகுதிச் சொத்தில் பங்கு கேட்கும் உரிமையை இழக்கிறாள். அவளுடைய பங்கு அவளிடம் முன்பே போய்விட்டது என்பதே அதன் நியாயம். உங்கள் பூட்டனார் இறந்தது 1910. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் வந்தது 1911இல். அதற்கு முந்திய மரணம் பழைய வழமைப்படியே பார்க்கப்பட்டது. ஆகவே சீதனம் பெற்ற மூத்த மகள் தாயின் மனுவில் வாரிசாகச் சொல்லப்படாதது, தாய் அவரை மறைத்ததால் அல்ல. சட்டத்தின் கண்ணில் அவர் அந்தச் சொத்துக்கு வாரிசு அல்ல என்பதால்தான்.

பெயர் இல்லாததே, அவர் பிள்ளையல்ல என்பதற்கு அல்ல, சீதனம் வாங்கிய பிள்ளை என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். என் நாற்பது ஆண்டுத் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள், டெஸ்டமென்டரி வழக்கின், அதாவது இறந்தவரின் சொத்து வழக்கின், வாரிசுப் பட்டியலை முழுக் குடும்ப மரமாக எடுத்துக்கொண்டு மூத்த பெண்மக்களைத் தொலைத்திருக்கின்றன. அவர்களைக் கண்டுபிடிக்கும் இடம் நீதிமன்றம் அல்ல, காணி உறுதி.

அந்தச் சொத்து விபரத்தை மீண்டும் எடுத்து, எல்லைகளை மட்டும் வாசியுங்கள். ஒரு காணியைப் பிரித்துச் சீதனம் கொடுத்தால், மகளுக்குக் கொடுத்த துண்டு தகப்பனின் மிகுதித் துண்டுக்கு எல்லையாக வந்து நிற்கும். ‘நீங்கலாக’ என்ற பொருளில் ஏதேனும் சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளின் வழக்குக்கான பாதுகாவலராக யார் நியமிக்கப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். அது பெரும்பாலும் தாயின் உடன்பிறந்தவராக இருக்கும். அதில் பூட்டியின் பிறந்த வீடு தெரியவரும்.

மடுவீதி எழுதியது:

எங்கள் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நிலைமை சற்று எளிது. குடிசார் பதிவு இல்லாத காலத்துக்கும் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகமும் விவாகப் புத்தகமும் உண்டு. பெயர்கள் இலத்தீன் வடிவில் இருக்கும். ஞானத்தாய், ஞானத்தந்தையின் பெயர்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் மாமனோ சின்னம்மாவோதான். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதால், பழைய கடிதத் தொடர்புகளுக்கு யாழ்ப்பாணத்திலும் கேட்க வேண்டும்.

கனகராயன்குளம் எழுதியது:

இதே பொருளில் எனக்கும் ஒரு சந்தேகம். என் பாட்டனாரின் தாயார் 1890களில் இறந்ததற்கான பதிவின் பிரதி கிடைத்தது. அதில் ‘பறங்கி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவர், அவர் பறங்கிப் பெண் என்றும், ஒல்லாந்தர் வழி வந்தவர் என்றும் சொல்லிப் பெரியதொரு வம்சாவளியே வரைந்துவிட்டார். இதை நம்பலாமா?

பழைய நொத்தாரிசு எழுதியது:

அந்தச் சொல் எந்தக் கூட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இனத்துக்கு ஒரு கூடு, இறப்பின் காரணத்துக்கு வேறொரு கூடு. அக்காலத்து வன்னியில் பறங்கி என்பது ஒரு நோயின் பெயர். தோலிலும் எலும்பிலும் புண் வைக்கும் தொற்று நோய் அது. குளங்கள் தூர்ந்து, சனம் மெலிந்து கிடந்த ஊர்களில் பரவலாக இருந்தது. காய்ச்சலும் பறங்கியும் அந்தக் கால இறப்பேடுகளில் மாறி மாறி வரும்.

கனகராயன்குளம் எழுதியது:

காரணக் கூட்டில்தான் இருக்கிறது, ஐயா. இனக் கூட்டில் தமிழ் என்று தெளிவாக உள்ளது. இத்தனை நாளும் நாங்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறோம். அந்த அம்மா எப்படித் துன்பப்பட்டு இறந்தார் என்பதை இன்றுதான் அறிகிறேன். நன்றி.

முள்ளியவளையாள் எழுதியது:

ஐயா சொன்னபடியே எல்லாம் நடந்திருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

1910 மார்ச்சைக் குறித்து விண்ணப்பித்ததில் இறப்புப் பதிவு கிடைத்துவிட்டது. தமிழில், ஊறித் தடித்த எழுத்தில் உள்ளது. காரணம் காய்ச்சல், தொழில் கமம், வயது நாற்பத்தெட்டு. தகவல் கொடுத்தவராகக் கையொப்பமிட்டிருப்பவர் ‘மருமகன்’ என்று உறவு குறிக்கப்பட்ட ஓர் ஆண். அந்தச் சொல்லை வாசித்தபோது நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். வாரிசுப் பட்டியலில் உள்ள ஒரே பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. அப்படியானால் மருமகன் எங்கிருந்து வந்தார்?

பிறகு சொத்து விபரத்தை வெயிலில் பிடித்து வாசித்தேன். மூன்றாவது காணி முள்ளியவளையில் உள்ள வயல், பெயர் ஆலடிப்புலவு. மேற்கே வாய்க்கால், வடக்கே குளக்கட்டு. கிழக்கு எல்லை சரியாக மடிப்பில் விழுந்து மை கலைந்திருந்ததால், இதுவரை அதை யாரோ அயலவர் என்று விட்டிருந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பெண்ணின் பெயரும், அதைத் தொடர்ந்து இன்னாரின் மனைவி என்பதும் தெரிகின்றன. அந்தக் கணவரின் பெயர், இறப்பேட்டில் கையொப்பமிட்ட மருமகனின் பெயர்தான்.

பாதுகாவலர் பூட்டியின் தம்பி. ஊர் கரவெட்டி. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது, ஆனால் உறவு தெரிந்திருக்கவில்லை.

புதுக்குடியிருப்பு மருமகன் எழுதியது:

மருமகன் என்ற சொல் நம்மிடம் சகோதரியின் மகனையும் குறிக்கும் என்பதை மறக்க வேண்டாம். அயல் காணியின் பெயரோடு பொருந்துவது வலுவான சான்றுதான். ஆனால் அந்தக் காணி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது உறுதியில் தெரிந்தால்தான் முடிவு சொல்லலாம். நான் எதிர்த்து வாதிடுவதாக நினைக்க வேண்டாம். பிழையான ஒரு கிளையை மரத்தில் ஒட்டிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதை வெட்டுவது கடினம்.

பழைய நொத்தாரிசு எழுதியது:

தம்பி சொல்வது முற்றிலும் சரி. உறுதியைத் தேடும் வழி இது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின், காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு தன் உறுதியின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பதிவகத்தின் ஏடு ஆளின் பெயரில் இல்லை, காணியின் பெயரிலும் ஊரின் பெயரிலும் ஓடுகிறது. ஆகவே ஆலடிப்புலவின் கிழக்குத் துண்டை இன்று யார் ஆள்கிறார்கள் என்று ஊரில் கேளுங்கள். அவர்களிடம் உள்ள உறுதியின் நடுப்பகுதியில், இந்த உரிமை எந்த ஆண்டின் எத்தனையாம் இலக்க உறுதிப்படி வந்தது என்று எழுதியிருக்கும். அந்த முந்திய உறுதியில் அதற்கு முந்தியது இருக்கும். இப்படிப் படிப்படியாகப் பின்னே போனால் சீதனம் கொடுத்த நாளுக்குப் போய்ச் சேரலாம். அக்காலத்தில் பலருடைய விவாகம் வழக்கப்படி நடந்து பதிவின்றி இருந்ததால், கலியாணத்துக்குத் திகதி சொல்லும் ஒரே ஆவணமாகச் சீதன உறுதியே எஞ்சுவதுண்டு.

நீதிமன்றக் கோவை கிடைக்காதவர்கள் வர்த்தமானியைப் பார்க்கலாம். நிருவாகக் கடிதம் கேட்ட மனுக்களுக்கான கட்டளைகள் அரசாங்க வர்த்தமானியில் வெளியாயின. இறந்தவரின் பெயர், ஊர், மனுதாரரின் பெயர், பிரதிவாதிகளின் பெயர்கள், வழக்கு இலக்கம் எல்லாம் அங்கே அச்சில் இருக்கும். வன்னியில் எல்லாம் எரிந்துபோனாலும் அச்சடித்த வர்த்தமானி எரியவில்லை. இலங்கை முடியாட்சிக் குடியேற்ற நாடாக இருந்ததால் அதன் தாள்கள் லண்டனில் குடியேற்ற அலுவலகத் தொகுதிகளோடு வைக்கப்பட்டுள்ளன; இந்திய அலுவலகத் தொகுதியில் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

முள்ளியவளையாள் எழுதியது:

மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன்.

ஆலடிப்புலவின் கிழக்குத் துண்டை இப்போது செய்பவர்கள் எங்கள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீற்றருக்குள் இருக்கிறார்கள். எந்தத் திருவிழாவிலும் நாங்கள் ஒருவரையொருவர் கண்டு சிரிக்கும் குடும்பம். போய்ச் சொன்னபோது முதலில் காணிக் கதை என்று பயந்துவிட்டார்கள். காணி வேண்டாம், உங்கள் பூட்டியின் பெயர்தான் வேண்டும் என்று நான் சொன்ன பின்னர்தான் அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஓர் உறுதியை எடுத்து வந்தார். 1958ஆம் ஆண்டு நன்கொடை உறுதி. அதில் 1931ஆம் ஆண்டு உறுதி குறிப்பிடப்பட்டிருந்தது. அதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்தோம். அங்கிருந்து 1906ஆம் ஆண்டு சீதன உறுதிக்குப் போனோம்.

அந்த உறுதியில், கணவனும் மனைவியுமாகிய நாம் எமது மூத்த புத்திரிக்கு அவளுடைய விவாகத்தின் நிமித்தம் சீதனமாகக் கொடுப்பது என்று தொடங்கி, ஆலடிப்புலவின் கிழக்குப் பங்கும், ஒரு சோடி மாடும், நூற்றைம்பது ரூபா பெறுமதியான நகையும் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டனார் தமிழில் கையொப்பம் வைத்திருக்கிறார். பூட்டி கைநாட்டு. சாட்சிகளில் ஒருவர் கரவெட்டித் தம்பி.

புதுக்குடியிருப்பு மருமகன் எழுதியது:

இனி எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்து எழுதிக்கொடுத்ததால், முதல் தாரத்துப் பிள்ளை என்ற என் ஐயமும் நீங்கிவிட்டது. உங்கள் மாமாவிடம் இந்த உறுதியைக் காட்டும்போது, 1911க்கு முந்திய விதியையும் விளக்கிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் மீண்டும் வாரிசுப் பட்டியலைத்தான் எடுத்து வைப்பார்.

முள்ளியவளையாள் எழுதியது:

காட்டிவிட்டேன். மாமா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கரவெட்டித் தம்பியின் பேரன் ஒருவர் தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்ததாக நினைவுபடுத்தினார். அவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை இப்போது மாமாவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நொத்தாரிசு ஐயாவிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சீதன உறுதியில் மருமகனின் தகப்பனார் பெயரும் அவருடைய ஊராகத் தண்ணீரூற்றும் குறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய பகுதியையும் இதே முறையில் பின்னோக்கித் தேட, தண்ணீரூற்றுக் காணிகளின் பழைய ஏட்டை எந்தப் பெயரில் கேட்க வேண்டும்? வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து போவதாகப் பேசியிருக்கிறோம். அந்த வீட்டு அம்மாவும் என் தாயாரும் அன்றுதான் முதன்முறையாக உறவாகச் சந்திக்கப் போகிறார்கள். அதற்குள் அந்தப் பக்கத்தின் ஒரு தலைமுறையையேனும் எழுதிக் கொண்டுபோக விரும்புகிறேன்.

பழைய நொத்தாரிசு எழுதியது:

தங்கச்சி, அவர்களிடம் உள்ள மிகப் பழைய உறுதியில் காணியின் பெயரை அது எழுதப்பட்டபடியே, எழுத்துப் பிழையோடு சேர்த்துப் பெயர்த்தெழுதிக்கொண்டு போங்கள். வரகு விதைப்பா, நெல் விதைப்பா, எத்தனை பரப்பு என்பதையும் விடாதீர்கள். ஒரே பெயரில் பல காணிகள் இருக்கும். அளவு பொருந்துகிற துண்டுதான் அவர்களுடையது. பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நாளைக்கே போனால் போதிய காலம் உண்டு.